எந்த ஸ்கூல் சீக்கிரம் முடியும்னு கேட்ட டல்லாஸ் தங்கச்சிக்கு

கேள்வி:

அக்கா, எனக்கு 38 வயசு. மதுரைல பி.எஸ்சி. நர்சிங், அப்புறம் சவுதில நாலு வருஷம், இப்ப டல்லாஸ் பக்கத்துல ஒரு ஆஸ்பத்திரில டெலிமெட்ரி ஃப்ளோர்ல, அதாவது இதயத்துடிப்ப ஸ்க்ரீன்ல கண்காணிக்கிற வார்டுல, ஏழு வருஷமா நைட் ஷிஃப்ட். ஈ.பி.-3ங்கிற வேலை விசால வந்தேன், கிரீன் கார்டு இருக்கு. ரெண்டு பசங்க. முதுகு போயிடுச்சு. கூட வேலை பாக்குற ரெண்டு பேரு சைக்கியாட்ரிக் நர்ஸ் ப்ராக்டிஷனர் படிக்கிறாங்க, வீட்ல உக்காந்து டெலிஹெல்த் பண்ணி ரெண்டு லட்சம் டாலர் சம்பாதிக்கலாம்னு சொல்றாங்க. சீக்கிரம் முடியிற ஆன்லைன் ஸ்கூல் எது? எனக்கு சைக் அனுபவம் சுத்தமா கிடையாது, என் இங்கிலீஷ் உச்சரிப்புக்கு அமெரிக்கக்காரங்க மனசு விட்டுப் பேசுவாங்களான்னும் பயமா இருக்கு. மாமியார் வேற "பைத்தியத்துக்கு வைத்தியம் பாக்கவா இம்புட்டு பணம் கட்டிப் படிக்கணும்"னு கேக்குறாங்க. சீக்கிரமா முடிச்சுடலாமா, சொல்லுங்க.

பதில்:

தங்கச்சி, லெட்டர ரெண்டு தடவ படிச்சேன். படிக்கலாமான்னு கேட்டா, படிங்க, 38 எல்லாம் ஒரு வயசே இல்ல, நான் சேர்ந்தப்ப என் வகுப்புல 50 தாண்டினவங்க மூணு பேரு இருந்தாங்க. ஆனா இந்த சின்ன லெட்டர்ல "சீக்கிரம்"ங்கிற வார்த்தை ரெண்டு தடவ வருது, "சொல்லிக்கொடுக்குறவங்க யாரு"ங்கிற கேள்வி ஒரு தடவ கூட வரல. அதப் பத்திதான் நான் அதிகமா பேசப் போறேன், கொஞ்சம் கோவமா தெரிஞ்சா மன்னிச்சுக்கோங்க, நானும் இதே கேள்வியோடதான் போய் மாட்டினேன்.

இத படிக்கிற மத்தவங்களுக்காக ஒரு வரி. பி.எம்.எச்.என்.பி., அதாவது சைக்கியாட்ரிக் நர்ஸ் ப்ராக்டிஷனர்ங்கிறது, ஆர்.என்.னா, அதாவது லைசென்ஸ் வாங்கின நர்ஸா இருக்கிறவங்க அதுக்கு மேல மாஸ்டர்ஸோ டி.என்.பி.ங்கிற டாக்டரேட்டோ படிச்சு, மனநல நோய்கள கண்டுபிடிச்சு, மருந்து எழுதி, தெரபியும் பண்றதுக்கான லைசென்ஸ். ஏற்கனவே வேற துறையில நர்ஸ் ப்ராக்டிஷனரா இருக்கிறவங்க போஸ்ட் மாஸ்டர்ஸ் சர்ட்டிஃபிகேட் மட்டும் பண்ணிக்கலாம். நம்ம ஊர்ல எம்.எஸ்சி. சைக்கியாட்ரிக் நர்சிங் முடிச்சவங்க நிறைய பேரு "அக்கா அது செல்லாதா"ன்னு கேக்குறாங்க. அது நல்ல படிப்புதான், ஆனா அது நர்ஸ் ப்ராக்டிஷனர் படிப்பு இல்ல, அத மட்டும் வெச்சு இங்க பரீட்சை எழுத முடியாது, சில யூனிவர்சிட்டி டிரான்ஸ்கிரிப்ட்ட பாத்துட்டு ரெண்டொரு பாடத்த விட்டுக்கொடுப்பாங்க, அவ்வளவுதான்.

உங்க பி.எஸ்சி. நாலு வருஷப் படிப்பு, அதனால நேரா எம்.எஸ்.என்.ங்கிற நர்சிங் மாஸ்டர்ஸுக்கு அப்ளை பண்ணலாம், ஜி.என்.எம். டிப்ளமோ முடிச்சவங்கன்னா முதல்ல ஆர்.என். டு பி.எஸ்.என்.ங்கிற டிகிரி படிப்ப பண்ணிட்டு வரணும். பார்ட் டைமா போனா ரெண்டரை மூணு வருஷம் ஆகும். டி.என்.பி.தான் வேணும்னு யாராவது பயமுறுத்தினா கேக்காதீங்க. நர்ஸ் ப்ராக்டிஷனர் படிப்பு நடத்துற ஆசிரியர்களோட சங்கம் 2025-க்குள்ள எல்லாத்தையும் டி.என்.பி. ஆக்கணும்னு 2018-ல சொன்னது உண்மை, ஆனா அது சட்டம் இல்ல, இன்னைக்கும் எம்.எஸ்.என்.-னோட பரீட்சை எழுதி வேலைக்குப் போறவங்கதான் நிறைய.

இப்ப அந்த "ஆன்லைன்" விஷயம். ஆன்லைன்னா பாடம் மட்டும்தான் ஆன்லைன், கிளினிக்கல் எல்லாம் நேர்ல போயி ஆளோட உக்காந்துதான் செய்யணும். அதுக்கு ரொம்ப வருஷமா குறைந்தபட்சம் 500 மணி நேரம்னு இருந்துச்சு, 2022-ல வந்த தேசிய ஸ்டாண்டர்ட் அத 750 ஆக்கிடுச்சு. 750 கேக்க பெருசா இருக்கும், உங்க 12 மணி நேர ஷிஃப்ட் கணக்குல போட்டுப் பாருங்க, 62, 63 ஷிஃப்ட். வாரத்துக்கு மூணு ஷிஃப்ட்னு வெச்சா அஞ்சு மாசம் கூட ஆகல. ஒரு சைக்கியாட்ரிஸ்ட் மெடிக்கல் காலேஜ் முடிச்சதுக்கு அப்புறம் நாலு வருஷம் ரெசிடென்சி பண்றாரு. யாருக்கு பயிற்சி போதும்னு அவங்களுக்கும் நமக்கும் ஆன்லைன்ல நடக்குற சண்டைல நான் எந்தப் பக்கமும் கத்தப் போறதில்ல, ஆனா இந்தக் கணக்கு உண்மை. நமக்குக் கிடைக்கிறது இந்த 62 ஷிஃப்ட்தான், அதுல பக்கத்துல உக்காந்து சொல்லிக்கொடுக்குறவங்க யாருங்கிறதுதான் மொத்தப் படிப்பும். அவங்கள ப்ரிசெப்டர்னு சொல்லுவாங்க, உங்களுக்குத் தெரியும், ஃப்ளோர்ல புதுப் பசங்களுக்கு நீங்களே அதத்தான பண்றீங்க.

பல ஆன்லைன் ஸ்கூல்ல அந்த ப்ரிசெப்டர நீங்களேதான் தேடணும். இத அட்மிஷன் போன்ல இனிக்க இனிக்கப் பேசுறவங்க கடைசி வரைக்கும் தெளிவா சொல்ல மாட்டாங்க, "கிளினிக்கல் சப்போர்ட் டீம் இருக்கு"ம்பாங்க. என் கதைய கேளுங்க. நான் சேர்ந்த இடத்துல அந்த டீம்னா ஒரு எக்செல் ஷீட்டு, அதுல பாதி நம்பர் வேலை செய்யல. டியூட்டி முடிச்சுட்டு கார்லயே உக்காந்து கிளினிக் கிளினிக்கா போன் பண்ணுவேன், எத்தன ஈமெயில்னு எண்றதையே விட்டுட்டேன், கடைசில ஒருத்தர் சரின்னாரு, செமஸ்டர் ஆரம்பிக்க ரெண்டு வாரம் இருக்கும்போது அவரு வேலையையே விட்டுட்டு ஊரு மாறிட்டாரு. ஸ்கூல்ல கேட்டா அது மாணவரோட பொறுப்புன்னு ஹேண்ட்புக்ல பக்க நம்பரோட காட்டினாங்க. ஒரு செமஸ்டர் போச்சு. கூடப் படிச்ச பொண்ணு இடம் பிடிச்சுக் கொடுக்குற கம்பெனிக்கு ஃபீஸ் கட்டி இடம் வாங்கினா, அங்க அந்த ப்ரிசெப்டர் ஒரு நாளைக்கு 30 பேர பாப்பாரு, இவ ஓரமா ஸ்டூல்ல உக்காந்து பாத்துட்டு வருவா, கையெழுத்து மட்டும் ஒழுங்கா விழுந்துச்சு. அவளும் சீக்கிரமாத்தான் முடிச்சா.

அதனால ஸ்கூலுக்கு போன் போட்டா ஃபீஸ கடைசில கேளுங்க. முதல்ல, ப்ரிசெப்டர நீங்க தருவீங்களா நான் தேடணுமா, எழுத்துல சொல்லுங்கன்னு கேளுங்க. போன வருஷம் இடம் கிடைக்காம செமஸ்டர் தள்ளிப்போனவங்க எத்தன பேருன்னு கேளுங்க. குழந்தைங்க பாக்குற இடம் கிடைக்குமான்னு தனியா கேளுங்க, ஏன்னா நம்ம சர்ட்டிஃபிகேட் எல்லா வயசுக்கும் சேர்த்துத்தான், அஞ்சு வயசு ஆட்டிசம் குழந்தையும் 85 வயசு டிமென்ஷியா தாத்தாவும் ஒரே லைசென்ஸ்ல வர்றாங்க, ஆனா குழந்தைங்க சைடுல ப்ரிசெப்டர் கிடைக்கிறது குதிரைக் கொம்பு. ரெண்டு விதமான தெரபியாவது கிளினிக்கல்ல கத்துக்கணும்னு சர்ட்டிஃபிகேஷனுக்கு விதி இருக்கு, அத யார் சொல்லித்தருவாங்க, ஒரு பேப்பர் எழுதி முடிச்சுருவாங்களான்னும் கேளுங்க. நர்சிங் படிப்புக்கு அங்கீகாரம் குடுக்குற சி.சி.என்.இ. இல்லன்னா ஏ.சி.இ.என். அக்ரெடிட்டேஷன் இருக்கா, டெக்சஸ்ல இருக்கிற ஸ்டூடண்ட எடுத்துக்குவாங்களான்னு அவங்க சைட்லயே போட்டிருக்கும், அது ரெண்டும் இல்லன்னா பேச்சே வேண்டாம். டெக்சஸ்லயே யூ.டி. ஆர்லிங்டன், யூ.டி. ஆஸ்டின் மாதிரி ஸ்டேட் யூனிவர்சிட்டி இருக்கு, ஆர்லிங்டன் உங்க வீட்டுப் பக்கம்தான். அங்க பாக்காம டிவி விளம்பரத்துல வர்றத பிடிச்சுக்கிட்டு போகாதீங்க.

பாடம் பத்தி ரொம்ப சொல்லத் தேவையில்ல. அட்வான்ஸ்ட் பேத்தோ, அட்வான்ஸ்ட் ஃபார்மா, அட்வான்ஸ்ட் ஹெல்த் அசெஸ்மென்ட், இத மூணையும் "த்ரீ பி"ன்னு சொல்லுவாங்க, எந்த நர்ஸ் ப்ராக்டிஷனரா இருந்தாலும் உண்டு. அது முடிஞ்சுதான் சைக் பாடம். நீங்க சமாளிச்சுடுவீங்க, டிஸ்கஷன் போர்டுல வாரா வாரம் ஏ.பி.ஏ. ஸ்டைல்ங்கிற கட்டுரை விதிப்படி எழுதுறதுதான் உயிர வாங்கும்.

"சைக் அனுபவம் சுத்தமா கிடையாது"ன்னு எழுதியிருக்கீங்களே, அத நான் ஒத்துக்கல. ஏழு வருஷம் டெலிமெட்ரில நைட் பாத்திருக்கீங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு ஐ.வி.ய பிடுங்கிட்டு "என் வீட்டுக்குள்ள யாரு நீங்க எல்லாம்"னு கத்துற பாட்டிய எத்தன தடவ பாத்திருப்பீங்க? அது உடம்பு நோயால வர்ற டெலிரியம்ங்கிற திடீர் குழப்பம்னும் யூரின் இன்ஃபெக்ஷன் பாக்கணும்னும் உங்களுக்கு தூக்கத்துல கேட்டாலும் தெரியும். குடிய நிறுத்தின மூணாவது நாள் கை நடுங்கி வேர்த்து கொட்டுற ஆளுக்கு குடி நிறுத்தின பாதிப்ப அளக்குற சீவா ஸ்கோர் போட்டு, அத தணிக்க அட்டிவான் குடுத்திருப்பீங்க. ஈ.சி.ஜி.ல வர்ற க்யூ.டி.சி. இடைவெளி நீண்டு போனா இதயத்துடிப்பு எப்படி தாறுமாறாகும்னு உங்களுக்கு ஸ்க்ரீன பாத்தாலே வயித்த கலக்கும், எங்க துறையில அத புக்ல படிச்சு மனப்பாடம் பண்றவங்கதான் அதிகம். மனநோய்க்கு குடுக்குற ஹாலோபெரிடால், சிப்ராசிடோன் எல்லாம் அந்த க்யூ.டி.ய நீட்டும், டிப்ரஷனுக்கு குடுக்குற சிட்டலோப்ராம் 60 வயசு தாண்டினவங்களுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல போகக் கூடாது, ஏன்னு உங்களுக்கு சொல்லவே வேண்டாம்.

இன்னொரு உதாரணம். லித்தியம்னு ஒரு மருந்து, மனநிலை ஒரேடியா ஏறி இறங்குற பைபோலார் நோய்க்கு இன்னைக்கும் அத அடிச்சுக்க ஆளில்ல, ஆனா ரத்தத்துல 0.6-ல இருந்து 1.2-க்குள்ள நிக்கணும், 1.5 தாண்டினா விஷம். பல வருஷமா நல்லா இருக்கிற ஒரு அம்மாவுக்கு ஃபேமிலி டாக்டர் பி.பி.க்கு லிசினோப்ரில் எழுதுறாரு, அந்தம்மா முட்டி வலிக்கு கடைல ஐபுப்ரோஃபென் வாங்கிப் போட்டுக்குது, டெக்சஸ் வெயில்ல தோட்டத்துல வேர்க்க வேர்க்க வேலை செய்யுது, மூணும் சேர்ந்து கிட்னி லித்தியத்த வெளிய விட மாட்டேங்குது, கை நடுக்கம், வாந்தி, நடை தள்ளாட்டம். இத யாராவது மன அழுத்தம் கூடிப் போச்சுன்னு நெனச்சு இன்னொரு மாத்திரை எழுதினா கதை முடிஞ்சுது. உடம்ப பாத்த நர்சுக்கு இது பளிச்சுன்னு தெரியும். அதே மாதிரி யாரு டிப்ரஷன்னு வந்தாலும் தைராய்டு பாத்தாச்சா, ரத்த சோகை இருக்கான்னு உங்க கை தானா லேப் பக்கம் போகும். நம்ம ஆளுங்களுக்கு கார்பமாசிபின்ங்கிற வலிப்பு, பைபோலார் மருந்த எழுதுறதுக்கு முன்னாடி எச்.எல்.ஏ.-பி 1502-ன்னு ஒரு ஜீன் டெஸ்ட் இருக்கு, ஆசிய வம்சாவளிக்காரங்களுக்கு தோல் உரிஞ்சு உயிர் போற அளவுக்கு அலர்ஜி வர வாய்ப்பு அதிகம்னு அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2007-லயே எச்சரிச்சுது, இத சொல்லித்தர்ற ப்ரிசெப்டரும் உண்டு, கேள்வியே படாதவங்களும் உண்டு.

உங்ககிட்ட இல்லாதது வேற. உக்காந்து கேக்குறது. நாம ஃப்ளோர் நர்ஸ், ஆறு பேஷண்ட், கால் லைட் எரியும், போனவுடனே ஏதாவது செஞ்சாகணும், தலையணைய சரி பண்ணியாவது விட்டுடணும், சும்மா நிக்கிறது நமக்கு குத்தம் மாதிரி இருக்கும். என்னோட முதல் இன்டர்வியூல அந்த ஆளு தன் மகன் செத்தத சொல்லிட்டு நிறுத்தினாரு, எனக்கு அந்த அமைதி தாங்கல, உடனே "தூக்கம் எப்படி வருது"ன்னு அடுத்த கேள்விக்குப் போயிட்டேன். வெளிய வந்ததும் என் ப்ரிசெப்டர், வயசான வெள்ளக்கார அம்மா, கேட்டாங்க, "அந்த கேள்வி அவருக்காகவா உனக்காகவா"ன்னு. 750 மணி நேரத்துல எனக்கு மறக்காத அஞ்சு நிமிஷம் அதுதான். அப்படி ஒரு ஆளு பக்கத்துல இல்லாம அந்த ஃபார்ம நான் ஒழுங்கா நிரப்பி முழு மார்க் வாங்கியிருப்பேன்.

இந்தத் துறையோட பூர்வீகமே அதுதான். இத கட்டி எழுப்பின ஹில்டகார்ட் பெப்லாவ், 1950-கள்ல ரட்கர்ஸ் யூனிவர்சிட்டில சைக்கியாட்ரிக் நர்சிங்குக்கு மேல்படிப்ப ஆரம்பிச்சவங்க, நர்சுக்கும் நோயாளிக்கும் நடுவுல இருக்கிற உறவுதான் சிகிச்சையேன்னு சொன்னவங்க. மருந்து எழுதுற உரிமையெல்லாம் பின்னாடிதான் வந்துச்சு. இப்ப அது தலைகீழா போயி 15 நிமிஷத்துக்கு ஒரு ஆளு, ரீஃபில், அடுத்த ஆளுன்னு ஆயிடுச்சு, சரி அந்தப் புலம்பல் இப்ப வேண்டாம்.

அதனால நான் சொல்றது, அப்ளிகேஷன் போடுறதுக்கு முன்னாடியே உங்க ஆஸ்பத்திரிலயோ பக்கத்துலயோ இருக்கிற பிஹேவியரல் ஹெல்த் யூனிட்ல, அதாவது மனநல வார்டுல, பி.ஆர்.என். ஷிஃப்ட் கேளுங்க, தேவைப்படும்போது மட்டும் போற ஷிஃப்ட். மாசத்துக்கு நாலு போதும். இன்பேஷண்ட் சைக் ஃப்ளோர்ல எப்பவும் ஆள் பத்தாக்குறைதான், சந்தோஷமா எடுத்துக்குவாங்க. அங்க நாலு விஷயம் தெரிஞ்சுரும். மேனியா எப்படி இருக்கும்னு புக்ல படிக்கிறதும், மூணு நாள் தூங்காத ஆளு உங்களுக்கு ஒரு கம்பெனி எழுதித் தர்றேன்னு பின்னாடியே நடந்து வர்றதும் ஒண்ணு இல்ல. கோவமா வர்ற ஆளுகிட்ட எவ்வளவு தூரத்துல நிக்கணும், குரல எப்படி இறக்கணும், "சாகணும்னு தோணுதா"ன்னு நேருக்கு நேரா கண்ணப் பாத்து எப்படி கேக்கணும். அப்படி கேட்டா அந்த எண்ணத்த நாமளே தூண்டிவிட்ட மாதிரி ஆயிடுமோன்னு நம்ம ஊர்ல பயப்படுவோம், ஆகாது, நம்மகிட்ட வெளிப்படையா கேக்க ஒரு ஆள் இருக்குன்னு பாதி பேருக்கு மூச்சே வரும். முக்கியமா, இது உங்களுக்குப் பிடிக்குதான்னே அங்கதான் தெரியும். பிடிக்கலன்னா நாலு ஷிஃப்ட்டோட போகும், நாப்பதாயிரம் டாலர் கட்டின பிறகு தெரியறதுக்கு இது தேவலாம். இன்னொரு லாபம், அந்த ஃப்ளோர்ல ரவுண்ட்ஸ் வர்ற நர்ஸ் ப்ராக்டிஷனர்தான் நாளைக்கு உங்க ப்ரிசெப்டர். எக்செல் ஷீட்ல இருக்கிறவங்க முன்ன பின்ன தெரியாத ஆளுக்கு சரின்னு சொல்ல மாட்டாங்க, ராத்திரி மூணு மணிக்கு அவங்களுக்கு தெளிவா ரிப்போர்ட் குடுத்த நர்சுக்கு சொல்லுவாங்க.

உச்சரிப்பு விஷயம். பயம் நியாயம்தான், ஆனா தப்பான இடத்துல பயப்படுறீங்க. நீங்க பேசுறது அவங்களுக்குப் புரியும், ஏழு வருஷமா புரிஞ்சுதான வேலை நடக்குது. அவங்க பேசுற சொலவடை நமக்குப் புரியாம போறதுதான் சிக்கல். ஒரு அம்மா "ஐ ஆம் அட் தி எண்ட் ஆஃப் மை ரோப்"னு சொன்னாங்க, எனக்கு கயிறுங்கிறது மட்டும் காதுல விழுந்துச்சு, பதறிப்போயி சூசைட் ரிஸ்க் ஃபார்ம எடுத்துட்டேன். அந்தம்மா சிரிச்சுட்டு, "இல்லம்மா, என்னால இதுக்கு மேல முடியலன்னு சொன்னேன்"னாங்க. அப்புறம் கொஞ்சம் நிறுத்திட்டு, "ஆனா நீ கேட்டதால சொல்றேன்"னு ஆரம்பிச்சாங்க. அன்னைல இருந்து புரியலன்னா புரியலன்னே கேக்குறேன், "நீங்க சொல்றதோட அர்த்தத்த எனக்கு விளக்க முடியுமா"ன்னு. அமெரிக்கால பொறந்த சைக்கியாட்ரிஸ்டே கேக்க வேண்டிய கேள்விதான் அது, அவங்க புரிஞ்ச மாதிரி தலையாட்டிட்டு போயிடுறாங்க.

நம்ம ஆளுங்க வந்தாங்கன்னா உங்களுக்கு இருக்கிற காது வேற யாருக்கும் வராது. பேரப்புள்ளைய பாக்க வந்த அம்மா ஒருத்தங்க "நெஞ்சு படபடங்குது, உடம்பெல்லாம் ஒரே அசதி, தலை கனமா இருக்கு, சோறு இறங்கல"ம்பாங்க, கார்டியாலஜி, எண்டோஸ்கோபி எல்லாம் பாத்துட்டு ஒண்ணுமில்லன்னு அனுப்பிருப்பாங்க. மனசு சரியில்லன்னு ஒரு தடவ கூட சொல்ல மாட்டாங்க, "வீட்ல யாரோட பேசுவீங்கம்மா பகல்ல"ன்னு நீங்க கேட்டா கண்ணுல தண்ணி வந்துரும். மகனோ மருமகளோ மொழிபெயர்க்க பக்கத்துல உக்காந்தா அது வராது, அவங்கள நைசா வெளிய அனுப்பிடணும்.

அடுத்தது டெலிஹெல்த், ரெண்டு லட்சம். அமெரிக்க தொழிலாளர் புள்ளிவிவரத் துறையான பி.எல்.எஸ். கணக்குப்படி 2023 மே மாசத்துல நர்ஸ் ப்ராக்டிஷனரோட நடுத்தர சம்பளம் வருஷத்துக்கு 1,26,260 டாலர். சைக் பக்கம் இத விட கூடக் கிடைக்கும், ரெண்டு லட்சம் வாங்குறவங்களும் இருக்காங்க, பெரும்பாலும் அனுபவம் ஏறினவங்க, இல்ல ஆளு எண்ணிக்கைக்கு காசு வாங்குறவங்க. முதல் வருஷத்துல அந்த நம்பர எதிர்பாத்து வீடு வாங்கிடாதீங்க.

டெக்சஸ் சட்டமும் தெரிஞ்சு வெச்சுக்கோங்க, உங்க கூட வேலை பாக்குறவங்க இத சொல்லியிருக்க மாட்டாங்க. அமெரிக்கால பாதிக்கும் மேல மாநிலங்கள்ல நர்ஸ் ப்ராக்டிஷனர் டாக்டர் இல்லாம தனியா ப்ராக்டிஸ் பண்ணலாம், பக்கத்துல நியூ மெக்சிகோல கூட பண்ணலாம், டெக்சஸ்ல முடியாது. ஒரு டாக்டரோட ப்ரிஸ்கிரிப்டிவ் அத்தாரிட்டி அக்ரிமெண்ட் போட்டாத்தான் மருந்து எழுதலாம், சொந்த கிளினிக் ஆரம்பிச்சா அந்த டாக்டருக்கு மாசா மாசம் பணம் கட்டுறவங்கதான் அதிகம். அரசாங்கம் ரொம்ப கட்டுப்படுத்தி வெச்சிருக்கிற ஷெட்யூல் 2 மருந்து, அதாவது ஏ.டி.எச்.டி.ங்கிற கவனக் குறைபாட்டுக்கு குடுக்குற ஆடரால், ரிட்டலின் எல்லாம், ஆஸ்பத்திரி, ஹாஸ்பிஸ் தவிர வெளி கிளினிக்ல நாம எழுத முடியாது. ஏ.டி.எச்.டி.ய வெச்சே ஓடுற டெலிஹெல்த் கம்பெனி எவ்வளவு இருக்குன்னு உங்களுக்கே தெரியும், கணக்க நீங்களே போட்டுக்கோங்க. ஓபியாய்டுங்கிற அபின் வகை மருந்து அடிமைத்தனத்துக்கு குடுக்குற ப்யூப்ரெனார்ஃபின் ஷெட்யூல் 3, அத எழுதலாம், முன்னாடி தனியா எக்ஸ் வேவர்ங்கிற அனுமதி வாங்கணும்னு இருந்தத 2022 டிசம்பர்ல வந்த சட்டம் எடுத்துடுச்சு, அதுக்குப் பதிலா போதை மருந்து கட்டுப்பாட்டுத் துறையான டி.இ.ஏ. ரிஜிஸ்ட்ரேஷனுக்கு 8 மணி நேர டிரெயினிங் காட்டணும். இன்னொண்ணு, உங்க ஆர்.என். லைசென்ஸ் காம்பாக்ட் லைசென்ஸ், பல மாநிலத்துல செல்லும், நர்ஸ் ப்ராக்டிஷனர் லைசென்ஸ் அப்படி இல்ல, பேஷண்ட் எந்த மாநிலத்துல உக்காந்திருக்காரோ அந்த மாநில லைசென்ஸ் ஒண்ணொண்ணா வாங்கணும்.

பணம். ஸ்டேட் யூனிவர்சிட்டிக்கும் பெரிய பேர் எடுத்த பிரைவேட்டுக்கும் மூணு மடங்கு கூட வித்தியாசம் வரும், பிரைவேட்ல ஒரு லட்சம் டாலர் தாண்டுறது சாதாரணம். கிரீன் கார்டு இருக்கிறதால ஃபெடரல் லோன் உங்களுக்கு உண்டு, ஆனா 2026 ஜூலை 1-ல இருந்து புதுசா வாங்குறவங்களுக்கு மேல்படிப்புக்கு குடுக்குற கிராட் ப்ளஸ்ங்கிற கூடுதல் லோன் கிடையாதுன்னு 2025-ல சட்டம் வந்தாச்சு, மாஸ்டர்ஸ் மாதிரி படிப்புக்கு வருஷத்துக்கு 20,500 டாலர்தான் உச்சவரம்பு. அதனால ஃபீஸ் அதுக்குள்ள அடங்குதான்னு இப்பவே பாருங்க. உங்க ஆஸ்பத்திரில டியூஷன் அசிஸ்டன்ஸ் இருக்கான்னு எச்.ஆர்.ல கேளுங்க, வருஷத்துக்கு 5,250 டாலர் வரைக்கும் வரி கிடையாது. முடிச்சப்புறம் நர்ஸ் கோர்ப்ஸ் லோன் ரீபேமெண்ட்னு ஒண்ணு இருக்கு, ஆள் பத்தாத இடத்துல வேலை செஞ்சா கடன்ல பெரிய பங்க கட்டிடுவாங்க, கிரீன் கார்டுக்காரங்களும் அப்ளை பண்ணலாம். ஆள் பத்தாத இடம்னா ஏதோ காட்டுக்குள்ளன்னு நெனக்காதீங்க, மனநல சிகிச்சைக்கு ஆள் பத்தாத பகுதின்னு அரசாங்கமே குறிச்சிருக்கிற இடங்கள்ல வாழ்றவங்க 12 கோடிக்கு மேல.

பரீட்சை பத்தி பெருசா பயப்படாதீங்க. நர்சுங்களுக்கு சர்ட்டிஃபிகேட் குடுக்குற ஏ.என்.சி.சி. நடத்துது, 175 கேள்வி, அதுல 150-க்குத்தான் மார்க்கு, மூணரை மணி நேரம். ஆர்.என். லைசென்ஸ் பரீட்சையான என்க்ளெக்ஸ பாஸ் பண்ணின கைக்கு இது வரும்.

பயப்பட வேண்டியது முதல் வேலைக்கு. நான் இதுல ஏமாந்தேன். சம்பளம் நல்லா இருக்குன்னு ஒரு கிளினிக்ல கையெழுத்து போட்டேன், பேரு சொல்ல மாட்டேன், முதல் வாரத்துலயே ஒரு நாளைக்கு 24 பேரு, மேற்பார்வை டாக்டர் வேற ஊர்ல, போன் பண்ணினா மறுநாள் டெக்ஸ்ட்ல "ஓகே"ன்னு வரும். ஒரு பையனுக்கு லாமோட்ரிஜின்ங்கிற பைபோலார் மருந்த ஏத்திட்டு இருந்தேன், அத 25 மில்லிகிராம்ல ரெண்டு வாரம், 50-ல ரெண்டு வாரம்னு எறும்பு மாதிரிதான் ஏத்தணும், இல்லன்னா தோல் வெந்து போற மாதிரி ஸ்டீவன்ஸ் ஜான்சன்ங்கிற அலர்ஜி வரும். அவன் ஏற்கனவே வேற டாக்டர்கிட்ட வால்ப்ரோயேட்ங்கிற இன்னொரு மருந்து வாங்கிட்டு இருந்தது சார்ட்ல ஒரு மூலைல இருந்துச்சு, அது கூட சேர்ந்தா லாமோட்ரிஜின் அளவு ரெண்டு மடங்காகும், பாதி டோஸ்லதான் ஆரம்பிக்கணும். பார்மசி பொண்ணு போன் பண்ணி கேட்டதால தப்பிச்சான், நானும் தப்பிச்சேன். படிக்காம இல்ல, பரீட்சைல இதே கேள்விக்கு சரியா பதில் எழுதினவதான் நான். 24 பேரு, 15 நிமிஷம், பக்கத்துல கேக்க ஆளில்ல, அவ்வளவுதான் காரணம். ரெண்டே மாசத்துல அத விட்டுட்டு இருபதாயிரம் டாலர் கம்மி சம்பளத்துக்கு ஒரு கம்யூனிட்டி மென்டல் ஹெல்த் சென்டருக்குப் போனேன், அங்க வாரத்துல ஒரு மணி நேரம் டாக்டரோட உக்காந்து கேஸ் பேசலாம், புது ஆளுக்கு ஒரு மணி நேரம் கொடுப்பாங்க. இன்டர்வியூல நீங்க அவங்கள இத கேளுங்க, முதல் மூணு மாசம் ஒரு நாளைக்கு எத்தன பேரு, சந்தேகம்னா அந்த நிமிஷம் யார கேக்கலாம்னு. பதில் சொல்ல மென்னு முழுங்கினா எழுந்து வந்துருங்க. டெலிஹெல்த் எல்லாம் ரெண்டு மூணு வருஷம் கழிச்சு, எது நார்மல் எது அவசரம்னு கண்ணுக்குப் பழகினதுக்கு அப்புறம். ஸ்க்ரீன்ல பேஷண்டோட முகம் மட்டும்தான் தெரியும், கீழ கால் ஆடுறது தெரியாது, பழைய ஆன்டிசைக்கோட்டிக்ங்கிற மனநோய் மருந்துல வர்ற அந்த நிலைகொள்ளாமைய கேமராவுல கோட்ட விட்டவங்க நிறைய.

மாமியார் கேட்டது. சண்டை போடாதீங்க. என் வீட்லயும் இதே பேச்சுதான், இப்ப வரைக்கும் சொந்தக்காரங்ககிட்ட "மருமக நரம்பு டாக்டர்கிட்ட வேலை பாக்குறா"ன்னுதான் சொல்றாங்க, நானும் திருத்துறதில்ல. உங்களுக்குத் தேவை அவங்க சம்மதம் இல்ல, கிளினிக்கல் இருக்கிற வருஷத்துல வாரத்துக்கு ரெண்டு நாள் பசங்கள பாத்துக்கிறது. அத மட்டும் தெளிவா பேசி வாங்கிக்கோங்க, கணவரயும் பக்கத்துல வெச்சுக்கிட்டு. நைட் ஷிஃப்ட்டும் பகல்ல கிளினிக்கலும் சேர்த்து ஓட்டிடலாம்னு நெனக்காதீங்க, நான் ஓட்டிப் பாத்தேன், ஹைவேல கண்ணு சொருகி ரோட்டு ஓரத்துல இருக்கிற ரம்பிள் ஸ்ட்ரிப் சத்தத்துல முழிச்ச நாள் உண்டு. அந்த ஒரு வருஷம் முழு நேர வேலைல 0.6 பங்குக்கு மாறுங்க, காப்பீடு போகாத அளவுக்கு.

யூனிட் மேனேஜர்கிட்ட பி.ஆர்.என். பத்தி பேசிட்டு எழுதுங்க, ஸ்கூல் லிஸ்ட் அனுப்பினீங்கன்னா நானும் பாக்குறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு, மதுரைல யாரையாவது விட்டு உங்க காலேஜ்லயும் எம்.ஜி.ஆர். யூனிவர்சிட்டிலயும் டிரான்ஸ்கிரிப்ட்டுக்கு இப்பவே போட சொல்லுங்க, சீல் வெச்ச கவர்ல, பாடவாரியா மணி நேரத்தோட. நான் கேட்டப்ப கிளார்க் லீவு, அப்புறம் பிரின்சிபால் மாறிட்டாரு, அப்புறம் ரெஜிஸ்டர காணோம். அப்ளிகேஷன் எழுத எனக்கு ரெண்டு வாரம், அந்த கவர் வர நாலு மாசம்.